பி பக்கத்து மூன்றாவது பாட்டு

2024 தொடக்கத்தில் ஒரு ராத்திரி, என் மகள் தன் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்து, “அப்பா, இது என்ன பாட்டுன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றாள். பாட்டு வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். “பி பக்கத்து நாலாவது பாட்டு.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பனுக்கு ஏதோ ஆகிவிட்டது, அம்மாவைக் கூப்பிடலாமா என்கிற மாதிரி இருந்தது. பாட்டு ‘குணா’ படத்துக் கண்மணி பாட்டுதான். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் அதைத் தூக்கி நடுவில் வைத்து, 32 வருஷம் கழித்து மறுபடியும் எல்லார் வாயிலும் போட்டிருந்தது. அவளுக்கு அது அன்றைக்குப் பிறந்த பாட்டு. நாற்பது விநாடித் துண்டாகக் கேட்டிருந்தாள். அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தத் துண்டு முடிந்து அமைதியானதும் மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? இந்தப் பாட்டுக்கு அடுத்த பாட்டு. அது வராததால், சாப்பிட உட்கார்ந்து ரசத்தோடு எழுப்பிவிட்ட மாதிரி ஒரு குறை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆல்பத்தை முழுசாகக் கேட்பதா, பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்பதா என்று நண்பர்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். நான் முழுசாகக் கேட்கிற கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற காரணம் எனக்கு ஒட்டாது.

முதலில் அந்தக் கேசட் பற்றி.

1991 தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று, ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. ஒன்று ரஜினி, ஒன்று கமல், இரண்டுக்கும் இசை இளையராஜா. எங்கள் ஊர் சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா பன்னிரண்டு தறி போட்டிருந்தார், கூலிக்கு நெய்து கொடுக்கிற ஜாப் ஒர்க்கில் காடாத் துணி. சோமனூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில், 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் ‘தளபதி’, மறுபக்கம் ‘குணா’ என்று பதிந்து வாங்கி வந்தார் எங்கள் சித்தப்பா. கம்பெனிக் கேசட் வாங்குகிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அதில் ஒரே படம்தான் இருக்கும், சில சமயம் ரெண்டு படம், அதுவும் நமக்கு வேண்டாத படமாக இருக்கும்.

60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. ‘தளபதி’ப் பாட்டுகள் மொத்தமும் அரை மணிக்குள் அடங்காது. பதிகிறவர் கெட்டிக்காரர், ‘புத்தம் புது பூ பூத்ததோ’ என்ற பாட்டை மட்டும் தூக்கி பி பக்கத்து முதல் பாட்டாகப் போட்டுவிட்டார். அப்புறம் ‘பார்த்த விழி’. மூன்றாவது எஸ். ஜானகி பாடிய ‘உன்னை நான் அறிவேன்’. நாலாவது கண்மணி. ஐந்தாவது ‘அப்பனென்றும் அம்மையென்றும்’. மிச்சம் இருந்த இடத்தில் நாங்கள் கேட்காத ஏதோ ரெண்டு பாட்டு, அதில் கடைசிப் பாட்டு ரெண்டாவது சரணத்தின் நடுவில் டக்கென்று நின்றுவிடும். இன்று வரைக்கும் எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது. மிச்சத்தை எங்காவது கேட்டால், யாரோ பின்னால் ஒட்ட வைத்த மாதிரி இருக்கும்.

‘புத்தம் புது பூ’வால் எனக்கு நேர்ந்த கதி தனி. பி பக்கத்தில் இருந்ததால் அது ‘குணா’ப் பாட்டு என்று நினைத்திருந்தேன். ‘தளபதி’ படம் பார்த்தேன், அதில் அந்தப் பாட்டு இல்லை. ஆக, என் கணக்கு சரி என்று உறுதியானது. பிற்பாடு ‘குணா’ பார்த்தேன், அதிலும் இல்லை. யேசுதாசும் ஜானகியும் பாடிய அவ்வளவு நல்ல பாட்டு எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாமல் நாலைந்து வருஷம் அனாதையாகக் கிடந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ‘தளபதி’க்காகப் பதிந்து, படத்தில் சேர்க்காமல் விட்ட பாட்டு அது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டு இல்லவே இல்லை. கேசட்டை முழுசாக ஓடவிட்டவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

தறிக்குடோனில் பாட்டுக் கேட்பது என்பதை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். பன்னிரண்டு நாடாத் தறி ஒன்றாக ஓடும்போது வருகிற சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், உள்ளே பேசுவதெல்லாம் வாயசைவிலும் கையசைவிலும்தான். அதற்குள் எதற்குப் பாட்டு என்று கேட்கலாம். நைட் ஷிப்டில் பாட்டு இல்லாவிட்டால் ஆள் தூங்கிவிடுவார், தூங்கினால் நூல் அறுந்தது தெரியாமல் பத்து முழம் துணி பாழாகும். அதனால் பாட்டு, தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) ஓட்டுகிற மெஷின் மாதிரி, ஒரு தளவாடச் சாமான். ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்திருந்தோம். பானைக்குள் புகுந்து வருகிற சத்தம் தறிச் சத்தத்துக்குக் கீழே போய்விடும், தும் தும் என்று தரையோடு காலில் ஏறும். இளையராஜாவின் பேஸ் கிட்டாரை முதன்முதலில் நான் உள்ளங்காலில்தான் கேட்டேன், காதில் அல்ல.

ஒரு ஆள் ஆறு தறி பார்ப்பார். தார் தீரத் தீர மாற்ற வேண்டும், அறுந்த இழை முடிய வேண்டும், கை சும்மாவே இருக்காது. நடுவில் போய்ப் பாட்டு மாற்ற யாருக்கும் நேரமில்லை. கேசட் திருப்புவது என் வேலை. பக்கம் முடிந்து பட்டன் மேலே வருகிற சத்தம் கேட்காது, எனவே பாட்டு நின்று சற்று நேரம் ஆன பிறகுதான் யாராவது தலையைத் தூக்கி என் பக்கம் கையைத் திருப்பிக் காட்டுவார்கள். பஞ்சுத் தூசி படிந்து ஹெட் மங்கிவிடும், வாரம் ஒரு தரம் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதும் நான்தான்.

எனக்குக் கண்மணி பாட்டு வேண்டும். அதற்கு முன்னால் இருக்கிற மூன்றாவது பாட்டு, ‘உன்னை நான் அறிவேன்’, எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மெதுவாக, ஒரு பொம்பளை அழுகிற மாதிரி. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது? அதனால் அந்த இடம் வந்ததும் பட்டனை அழுத்தி ஓட்டிவிடுவேன். ரெண்டு நாள் பார்த்துவிட்டு, எங்கள் தறிக்காரர்களில் மூத்த அண்ணன் ஒருத்தர் கையில் தாரோடு வந்து என் காதுக்குப் பக்கத்தில் கத்தினார்: “கண்ணு, ஓட்டாத. ஓட்டி ஓட்டிப் பாத்தீன்னா நாடா சிக்கிக்கும். வர்றது வரட்டும்.”

கேசட் நாடாவைச் சொன்னாரா, தறி நாடாவைச் சொன்னாரா என்று கேட்டால் ரெண்டையும்தான் என்பேன். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற கட்டைக்கும் எங்கள் பக்கம் நாடா என்றுதான் பெயர். அது பாதியில் நின்றால் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் முழுக்க அறுந்து தொங்கும். அவருக்கு ஓடுகிற எதையும் நடுவில் நிறுத்துவது ஆகாது.

அப்படித்தான் நான் அந்த மூன்றாவது பாட்டைக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டேன் என்று கூடச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொண்டேன். ஒரு ராத்திரிக்கு நாலு தரம், வாரத்துக்கு எத்தனையோ. எப்போது அது பிடித்துப்போனது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஒரு நாள் கரண்ட் போய், தறி எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, கேசட்டும் இழுத்துக்கொண்டே கீழ்க்குரலுக்கு இறங்கி நின்றது. இருட்டில் எல்லாரும் வெளியே திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். காதில் ‘ங்’ என்ற ரீங்காரம் மட்டும். அப்போது நின்றுபோன இடத்திலிருந்து அந்தப் பாட்டை யாரோ முனகினார்கள். யார் என்று பார்த்தால் நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முழு ஆல்பம் கேட்க வேண்டும் என்கிறவர்கள் சொல்கிற காரணம், கலைஞன் அந்த வரிசையில் யோசித்து வைத்திருக்கிறான், அதை நீ கலைக்கக் கூடாது என்பது. மேற்கில் அது நியாயம்தான். ஆல்பம் என்ற பேச்சே அங்கே அப்படித்தான் வந்தது: 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம்தான் கொள்ளும், ஒரு நீண்ட சிம்பொனியைக் கேட்க நாலைந்து தட்டு வேண்டும், அவற்றைப் போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் தைத்த அட்டைப் புத்தகத்தில் வைத்து விற்றார்கள். 1948-இல் கொலம்பியா கம்பெனி எல்பி தட்டைக் கொண்டுவந்ததும் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அப்புறம்தான் அந்த நாற்பது நிமிடத்தை ஒரே படைப்பாக நினைத்து எழுதுகிறவர்கள் வந்தார்கள். 1973-இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு போட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ தட்டில் ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் கோடு போட முடியாது. அதில் ஒன்றை மட்டும் பிய்த்துக் கேட்பது, பந்தியில் பாயசத்தில் முந்திரி மட்டும் பொறுக்குகிற வேலை.

நம்ம சினிமாப் பாட்டுக்கு அந்த வாதம் செல்லாது. இசையமைப்பாளர் பாட்டுப் போடுவது காட்சிக்கு. கேசட்டில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்பதற்கும் படத்தில் அவை வரும் வரிசைக்கும் பெரும்பாலும் ஒட்டுறவே இருக்காது. எது ஓடுமோ அது முன்னால். எங்கள் கேசட்டிலோ, வரிசை போட்டது சோமனூர்க் கடைக்காரர். அவர் கலை நோக்கோடு எல்லாம் போடவில்லை, நிமிடக் கணக்குப் போட்டார். அதற்குப் பிறகும் அந்த வரிசை என் எலும்பில் ஏறியிருக்கிறது என்றால், யார் போட்ட வரிசை என்பதில் ஒன்றுமில்லை. நான் போட்ட வரிசை இல்லை, அவ்வளவுதான். நமக்குத் தமிழில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, அந்தாதி. முன் பாட்டின் கடைசிச் சொல் பின் பாட்டின் முதல் சொல்லாக வரும், ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானாக வாயில் வரும், நூறு பாட்டையும் இப்படித்தான் மனப்பாடம் செய்வார்கள். கேசட் அதையே செய்தது. என்ன, சொல்லுக்குப் பதிலாக நாலு விநாடி உஸ்ஸ் சத்தம்.

ஆல்பம் என்று நினைத்தே போட்ட ஒன்றும் எங்கள் குடோனுக்கு வந்தது. 1986-இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’. கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்த மாமா பையன் கொண்டுவந்தான். முழுக்க வாத்தியம், தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன் இசைமேதைக்கும் காணிக்கை என்று போட்டிருந்தது. போட்டுவிட்டு நான் ரொம்பப் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து ஒருத்தர் வந்து கேட்டார், “ஏனுங் தம்பி, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?” கேட்டது தப்பே இல்லை. தறிச் சத்தத்தில் வயலின் போன இடம் தெரியவில்லை. பானையிலிருந்து வந்தது வெறும் தும் தும். அந்தத் தட்டை முழுசாக, ஒழுங்காகக் கேட்டது இருபது வயசுக்கு மேல், ஹாஸ்டலில். அது வேறு மாதிரி சந்தோஷம், அதைப் பற்றி இன்னொரு நாள்.

எங்கள் சித்தப்பா எதிர்க்கட்சி. அவர் செலக்‌ஷன் கேசட்காரர். பில் புக்கின் பின்பக்கத்தில் பதினான்கு பாட்டு எழுதிக்கொண்டு போவார், கடையில் நோட்டுப் புத்தகம் இருக்கும், அதில் படப் பெயருக்கு நேராக நம்பர் இருக்கும், நம்பரைக் குறித்துக் கொடுத்தால் ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். காதலித்துக்கொண்டிருந்த காலம் அவருக்கு. ஒவ்வொரு பட்டியலும் ஒரு கடுதாசி. அந்தப் பட்டியல்களை இன்று பிளேலிஸ்ட் என்று சொல்லி நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். அவருடைய கேசட்டுகளில் ஒரு பாட்டுகூட மோசம் கிடையாது, எல்லாமே முத்து. ஆனால் எனக்கு ஒரு கேசட்டும் ஞாபகம் இல்லை. பாட்டுகள் ஞாபகம் இருக்கின்றன, எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்பது இல்லை. எல்லாமே உச்சி, ஏறுவதற்குப் படியே இல்லை என்றால் எப்படி. அவரும் அந்தப் பெண்ணைத்தான் கட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன். பொறுக்கிக் கேட்பவர்களும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள்.

பொறுக்குவதன் பக்கமும் நியாயம் உண்டு. குறுந்தகடு வந்து 74 நிமிடம் இடம் கிடைத்ததும், இடம் இருக்கிறதே என்பதற்காகவே நிரப்ப ஆரம்பித்தார்கள். தீம் மியூசிக், அதே பாட்டின் சோக வடிவம், ரீமிக்ஸ் வடிவம், வார்த்தையில்லாத வடிவம். ஒரு நல்ல பாட்டுக்காக முழுத் தட்டையும் வாங்கு என்று கம்பெனிகள் கழுத்தைப் பிடித்த காலம் அது. 1999-இல் பாட்டை இணையத்தில் இலவசமாகப் பரிமாறிக்கொள்ள நாப்ஸ்டரும், 2003-இல் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று ஐடியூன்ஸ் கடையும் வந்தபோது சனங்கள் அப்படி ஓடியதில் ஆச்சரியமே இல்லை. காய்கறிச் சந்தையில் கூறு கட்டி வைத்து அடியில் சொத்தைக் கத்திரிக்காயைச் சேர்த்தால் யார் கூறு வாங்குவார்கள்?

நம்ம ஊரில் அப்போது ஐடியூன்ஸ் வரவில்லை, எம்பி3 சிடி வந்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ‘ராஜா ஹிட்ஸ் 150’ என்று அட்டை போட்டுத் தொங்கும். கணக்கு எளிது, சாதாரண தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, ஒரு சிடிக்கு 700 எம்பி, ஆக நூற்றைம்பது பாட்டு. இதில் யாரும் கவனிக்காத ஒரு கூத்து நடந்தது. பிளேயர் அந்தப் பாட்டுகளை ஆங்கில எழுத்து வரிசையில் ஓட்டும். ஏ எழுத்தில் தொடங்கும் பாட்டு முதலில். தினமும் காலையில் ஏழு மணிக்குப் பல்லடத்தில் பஸ் ஏறினால் அதே ஏ பாட்டுகள், திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் சி, டி தாண்டாது. வண்டியை அணைத்துப் போட்டால் மறுபடி ஏ. நான் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த மூன்று வருஷமும் ‘அ’, ‘ஆ’, ‘ஆனந்த’, ‘அந்தி’ என்று தொடங்குகிற பாட்டுகளில்தான் வாழ்ந்தேன். வி எழுத்துப் பாட்டுகள் எங்களுக்கெல்லாம் தீபாவளி ஸ்பெஷல் பஸ்ஸில் மதுரை போகும்போதுதான் வரும்.

ஆனாலும் கொங்கு நாட்டு தனியார் பஸ் டிரைவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஈரோடு, கோபி, பொள்ளாச்சி எந்த ரூட் ஆனாலும் பாட்டுக்காகவே ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றவர்கள் உண்டு. அங்கேயும் பாட்டு மாற்றும் உரிமை நமக்குக் கிடையாது. ஐம்பத்தைந்து பேர் ஒரே பாட்டைக் கேட்டாக வேண்டும். ஜன்னலோரப் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு முகம் சுளிக்கும், அடுத்த பாட்டுக்குத் தலையாட்டும்.

இப்போது போனில் விரல் ஒரு தரம் இழுத்தால் அடுத்த பாட்டு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு ஏறும். முப்பது விநாடிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்றால் முன்னிசைக்கு எங்கே இடம்? குழல் ஒரு சுற்று, வயலின் கூட்டம் ஒரு சுற்று வந்து, அப்புறம் மெதுவாகக் குரல் நுழைகிற பாட்டெல்லாம் இன்று வந்திருந்தால் குரல் வருவதற்குள் விரல் இழுத்திருக்கும். 2021 நவம்பரில் அடெல் என்ற பாடகி கேட்டுக்கொண்டார் என்று, ஆல்பம் பக்கத்தில் பாட்டுகளைக் குலுக்கிப்போடும் ஷஃபிளை முதல் பட்டனாக வைத்திருந்ததை அந்தக் கம்பெனி எடுத்தது. உலகம் பூராவும் செய்தி. இதற்கு ஒரு சீமைப் பாடகி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தறிக்கார அண்ணன் 1991-லேயே சொல்லிவிட்டார்.

முழுசாகக் கேட்பது பற்றி உண்மையிலேயே தெரிந்தவர் எங்கள் அப்பாரு, அப்பாவோட அப்பா. அவர் காலத்தில் அண்ணன்மார் சாமி கதை, பொன்னர் சங்கர் கதை, உடுக்கையடித்துப் பாடுவார்கள். ஒரு ராத்திரியில் முடிகிற கதை இல்லை. 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் தங்கி அதை டேப்பில் பதிந்தார். 18 ராத்திரி, 38 மணி நேரம் ஓடுகிறது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், 38 மணி நேர ஆல்பம் யாராவது கேட்டிருக்கிறீர்களா? அதிலும் கூட்டம் எல்லா ராத்திரியும் ஒரே மாதிரி இருக்காதாம். பன்றி வேட்டைக்குக் கொஞ்சம் கூடும், அண்ணன்மார் சாகிற படுகளத்தன்று ஊரே திரளும். சும்மா நிலம் பங்கு போடுகிற, வேளாண்மை செய்கிற ராத்திரிகளில் பத்துப் பேர், அதில் நாலு பேர் தூங்குவார்கள். “அப்பாரு, படுகளத்துக்கு மட்டும் போனாப் போதாதுங்களா?” என்று ஒரு தரம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், “போலாம். வேடிக்கை பாத்துட்டு வரலாம். அழுவறவங்க எல்லாம் மொத ராத்திரியில இருந்து ஒக்காந்தவங்கதான்.”

அவர் தூங்கிய ராத்திரிகளையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கவனமாகக் கேட்டாயா என்பதெல்லாம் ரெண்டாவது. அந்த இடத்தில் இருந்தாயா என்பதுதான். என் ‘உன்னை நான் அறிவேன்’ அனுபவமும் அப்படித்தான், பாதி நேரம் தார்க் கூடையில் சாய்ந்து தூங்கியிருப்பேன். இப்போது எல்லாப் பக்கமும், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மி திரும்பி வந்திருக்கிறது. 2024-இல் வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் அவர்களுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வள்ளி பிறந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் ஆடி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். என் மகளும் சலங்கை கட்டி ஆடுகிறாள். நாற்பது விநாடிப் பாட்டுக்காரி, மூன்று மணி நேரம் கால் ஓயாமல் ஆடுகிறாள், நடுவில் ஒரு அடி பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போக வழியில்லை என்பது அவளுக்கு அங்கே உறுத்துவதே இல்லை. அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன். போனில் பட்டன் இருக்கிறது, கும்மியில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் ஒரு வேலை செய்தேன். அந்தக் கேசட்டை அப்படியே போனில் கட்டினேன். ஏ பக்கம் ‘ராக்கம்மா’வில் தொடங்கி, பி பக்கம் ‘புத்தம் புது பூ’, ‘பார்த்த விழி’, ‘உன்னை நான் அறிவேன்’, கண்மணி என்று வரிசை மாறாமல். கடைசிப் பாட்டை ரெண்டாவது சரணத்தில் வெட்ட முடியுமா என்று மகளிடம் கேட்டேன். முடியும், ஆனால் செய்து தர மாட்டேன் என்றாள்.

தாராபுரம் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பல்லடத்திலிருந்து தாராபுரம் ஒரு மணி நேரம் சொச்சம், 60 நிமிடக் கேசட்டுக்கு அளவெடுத்துத் தைத்த தூரம். நான் ஓட்டினேன், மகள் பக்கத்தில், அப்பா பின்னால். அப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, தறியெல்லாம் எடைக்குப் போட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. நாற்பது வருஷத் தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது, மெல்லிய சத்தம், உயரமான சத்தம் எதுவும் எட்டாது. ஜானகி குரல் அவருக்குக் கேட்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். பேஸ் மட்டும் சீட்டு வழியாகப் போகும்.

ஏ பக்கம் முடிந்தது. ‘புத்தம் புது பூ’ வந்தது, மகளிடம் அதன் அனாதைக் கதையைச் சொன்னேன், சிரித்தாள். ‘பார்த்த விழி’ முடிந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும், அவளுக்குக் கண்மணி பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்கிற அவசரத்தில், என் விரல் தானாக ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டனுக்குப் போய்விட்டது. இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசிய ஆசாமி நான்தான்.

பின்னாலிருந்து அப்பா கத்தினார். காது கேட்காதவர்கள் எப்போதும் கத்தித்தான் பேசுவார்கள். “இருக்கட்டும் உடு சாமி. இதுக்கப்பறந்தான அந்தக் கண்மணி வரும்.”

விரலை எடுத்துவிட்டேன். குண்டடம் தாண்டி ரெண்டு பக்கமும் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தபோது கண்மணி வந்தது. மகள் சத்தத்தைக் கூட்டினாள், முன்னால் வருகிற கடிதப் பேச்சு முழுசையும் அன்றைக்குத்தான் கேட்டாள் போலிருக்கிறது, வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார்.